வெள்ளை படர்ந்த பாட்டில்

சுனாமிக்கு மறுவருடம் மணவாளக்குறிச்சிக் கரையை விட்டு வந்த கிளாரா, பிறகு கடல் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. குலசேகரத்துப் பக்கம் ஒரு திசு வளர்ப்புக் கூடத்தில் பாட்டில் கழுவினாள். ஒற்றை வாழைக்கிழங்கின் குருத்தை நறுக்கி நறுக்கி ஆயிரம் கன்று எடுக்கிற இடம் அது.

பாட்டிலுக்குள் விரல் நீளக் கன்றுகள் ஐந்தாறு நிற்கும். ஒன்றின் அடியில் பூஞ்சை வெள்ளையாகப் படர்ந்தால் போதும், மற்றவை பச்சைப்பசேலென்று நின்றாலும் தப்பாது. திறந்தால் அறை முழுக்கப் பரவிவிடும். அதனால் மூடியோடு பெரிய குக்கர் போன்ற கலத்தில் அவித்து, பிறகு குழியில் கொட்ட வேண்டும். நல்ல கன்றுகளின் நியாயத்தை அங்கே யாரும் கேட்பதில்லை.

அவிக்கிற வேலையும் கிளாராவுக்குத்தான். ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கன்று கன்றாகப் பார்த்த பிறகே உள்ளே வைப்பாள்.

மேற்பார்வை பார்க்கும் அஜிதாவுக்கு ஒருநாள் பொறுமை போய்விட்டது.

"கிளாராக்கா, சாவப்போறதுல என்னத்தப் பாக்குதீங்க? சட்டுனு வையுங்க."

கிளாரா பாட்டிலை இறக்கவில்லை.

"பாத்துட்டு வைக்கேன் மக்கா. அன்னைக்கு நோய் பரவும்னு சொல்லி, எனக்க ரெண்டு பிள்ளைகளையும் முகத்தக் காட்டாமலேதான் குழியில போட்டாவ."