புகார் இல்லாத புத்தகம்

மொக்கைச்சாமியிடம் மூன்று நிறத்தில் சட்டைகள் இருந்தன. நீலம், பச்சை, சாம்பல். மூன்றும் ஒரே வேலைக்கான சட்டைகள்தாம். பண்ணைப்புரத்துக்குக் கிழக்கே மேட்டுக்காட்டில் நிற்கிற இருபத்திரண்டு காற்றாலைகளும் பதினாலு வருஷமாக நட்ட இடத்திலேயே நிற்கின்றன; முதலாளிதான் மாறிக்கொண்டே இருந்தார். கோயமுத்தூர் மில்காரர் ஐதராபாத் கம்பெனிக்கு விற்றார். ஐதராபாத்காரர்கள், எங்கோ பனி பெய்கிற நாட்டு வாத்தியார்களின் பென்ஷன் பணத்தை மேய்க்கிற ஒரு நிறுவனத்துக்கு விற்றார்கள். ஒவ்வொரு முதலாளிக்கும் ஒரு நிறம். வயசு ஐம்பத்தாறாகிவிட்டது, நாலாவது நிறத்தைப் பார்க்கிற தெம்பு அவருக்கு இல்லை.

காவலுக்குச் சேர்ந்தவர். பத்தாவது வரை படித்திருந்ததாலும், ஊரில் பாதிப் பேருக்கு மாமன் மச்சான் முறை ஆனதாலும், 'ஊர்த்தொடர்பு' என்று ஒரு வேலையைக் கொடுத்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ஊர்த்தொடர்பு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, ஊர்க்காரர்கள் ஆபீஸ் வாசலுக்கு வராமல் பார்த்துக்கொள்வது. மேசைமேல் ஒரு புகார்ப் புத்தகம் உண்டு. அதில் ஒரு வரிகூட விழாமல் பதினாலு வருஷம் காப்பாற்றியிருக்கிறார். அதைத் தன் சாமர்த்தியம் என்றே நம்பியிருந்தார்.

அந்தச் சாமர்த்தியத்துக்குப் பலியானவள் அவருடைய சொந்தத் தங்கச்சி பாண்டீஸ்வரி.

எட்டு வருஷத்துக்கு முன்னால், பெரிய லாரிகள் போகவேண்டும் என்று காற்றாலைக்குப் போகிற பாதையைக் கம்பெனிக்காரர்கள் இடுப்பளவுக்கு உயர்த்தினார்கள். உயர்த்தியவர்கள் மழைத்தண்ணீர் போகிற ஓடையை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் பாதையில் முட்டி, ஓரமாகத் திரும்பி, பாண்டீஸ்வரியின் முக்கால் ஏக்கருக்குள் பாய்ந்தது. பாதைக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாயைப் பதித்தால் பிரச்சினை தீர்ந்தது. புருஷனைப் பறிகொடுத்துவிட்டு இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள், நேராக அண்ணன் மேசைக்கு வந்து, புகார் எழுதிக் கொடுக்கிறேன் என்றாள்.

மொக்கைச்சாமி எழுதவிடவில்லை. கம்பெனி விலைக்கு நிற்கிறது, புத்தகத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள், விற்கிற வீட்டில் விரிசலை யாராவது காட்டுவார்களா, கைமாறட்டும், நானே கூட நின்று குழாய் போட்டுத் தருகிறேன் என்றார். அவர் ஏமாற்றவில்லை, அப்படித்தான் நினைத்தார். ஆனால் கைமாற மூன்று வருஷம் ஆனது. வெளிநாட்டில் வட்டி ஏறிவிட்டதாம், அதனால் பண்ணைப்புரத்தில் பேரம் நின்றுவிட்டதாம். அதற்குள், இரண்டாவது வருஷத்து ஐப்பசி மழையில், பறிக்க இருந்த சின்ன வெங்காயம் மண்ணோடு போனது. அன்றோடு பாண்டீஸ்வரி அண்ணனிடம் பேச்சை நிறுத்தினாள். நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, விடியுமுன் ஜீப்பேறிக் கம்பமெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்குப் போகிறாள். வீரபாண்டித் திருவிழாவில் அவள் அக்கினிச்சட்டி ஏந்தி வந்தபோது எதிரே போய் நின்று பார்த்தார். ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போவதுபோல அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

சரி, கைமாறிய பிறகாவது சொன்னாரா? புது மேனேஜர் வந்த முதல் வாரத்திலேயே எப்படிச் சொல்வது என்று இருந்தார். அப்புறம், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் என்ன செய்வது என்று இருந்தார். இருந்தே ஐந்து வருஷத்தை ஓட்டிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்த மனுஷர் செய்கிற பாவம் இப்படித்தான் இருக்கும், பார்த்தால் பாவம் மாதிரியே தெரியாது.

இந்த வருஷம் பழைய ஆலைகளைக் கழற்றிவிட்டு, ஒன்றே நாலுக்குச் சமமான ராட்சத ஆலைகளை நிறுத்தப் போகிறார்கள். பணம் ஒரு வெளிநாட்டு வங்கியிலிருந்து வருகிறது. நகையும் இல்லை, வீட்டுப் பத்திரமும் இல்லை. இனி பதினெட்டு வருஷம் அடிக்கப்போகிற காற்றை நம்பித்தான் அத்தனை கோடியையும் தருகிறார்கள் என்று மேனேஜர் சசிதரன் விளக்கினார். மொக்கைச்சாமிக்குத் தலை சுற்றியது. அவருடைய ஊரில் மாட்டுக்கடனுக்கே இரண்டு ஜாமீன் கேட்கிறார்கள்.

காற்றை நம்புகிறவர்கள் மனுஷரை அத்தனை லேசில் நம்பவில்லை. முன்பெல்லாம் கடன் கொடுக்க வருகிறவர்கள் இயந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது ஆலையில் அடிபடுகிற பறவையை எண்ணுகிறார்கள், ஊரையும் விசாரிக்கிறார்கள். வங்கி சார்பில் சென்னையிலிருந்து உமாதேவி என்ற அம்மாள் வந்தார். புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லாம் வெள்ளைத்தாள். நாலு பேர் இருக்கிற வீட்டிலேயே ஒரு நாளைக்கு நாலு புகார் வருமே, இங்கே மட்டும் எப்படி என்று சிரிக்காமல் கேட்டார். திங்கட்கிழமை மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சசிதரனுக்கு வேர்த்துவிட்டது. மேலே இருப்பவர்கள் போனில் விரட்டிக்கொண்டே இருந்தார்கள். சனிக்கிழமை மொக்கைச்சாமியைக் கூப்பிட்டு, குறைந்தது பத்துப் புகார் வேண்டும் என்றார். வேறொரு புத்தகத்தில் பழைய தேதி போட்டு, எல்லாம் தீர்க்கப்பட்டதாகவும் எழுதவேண்டும்; அந்த அம்மாள் பார்த்தது புதுப் புத்தகம், பழையது இதுதான் என்று சொல்லிக்கொள்ளலாமாம். பதினாலு வருஷம் புகாரை விரட்டி அடித்தவருக்கு இப்போது புகார் பிடித்து வருகிற வேலை.

பேனாவை மாற்றி மாற்றி எழுதினார். ஆலைச் சத்தத்தில் தூக்கமில்லை, தீர்க்கப்பட்டது. லாரித் தூசி, தண்ணீர் தெளிக்கப்பட்டது. கம்பிவேலியில் ஆடு மாட்டிக்கொண்டது, ஆடு விடுவிக்கப்பட்டது. இப்படி ஒன்பது தேறின. ஆட்டைப் பற்றி எழுதும்போது லேசாகச் சிரிப்புக்கூட வந்தது. பத்தாவதைத் தேடவேண்டிய அவசியமே இல்லை, எட்டு வருஷமாக அது தொண்டையிலேயே நிற்கிறது. பாண்டீஸ்வரி என்று பெயர் எழுதினார். பாதையை உயர்த்தியதால் மழைத்தண்ணீர் நிலத்துக்குள் வருகிறது, குழாய் பதிக்க வேண்டும் என்று எழுதினார். அவள் வந்து நின்ற நாளையே தேதியாகப் போட்டார். தீர்வு என்ற கட்டத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை. அதைக் காலியாக விட்டுப் புத்தகத்தை மூடினார். வேலை போனால் போகட்டும் என்று வீரமாகவெல்லாம் நினைக்கவில்லை. அலுத்துப்போயிருந்தார், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை உமாதேவியின் விரல் ஒன்பது வரிகளை வேகமாகத் தாண்டி வந்து காலிக் கட்டத்தில் நின்றது. அந்த நிலத்தைப் பார்க்கவேண்டும் என்றார்.

மூன்று பேரும் போனார்கள். மேல்மண் முழுக்க அரித்துப்போய்ச் சரளைக்கல் பல்லிளித்துக்கொண்டிருந்தது. உமாதேவி படம் எடுத்தார். இந்தப் பாண்டீஸ்வரி யார், இத்தனை வருஷம் ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று கேட்டார். சசிதரன் வானத்தைப் பார்த்தார்.

"என் தங்கச்சிதாம்மா," என்றார் மொக்கைச்சாமி. "எழுத வேணாம்னு நாந்தான் தடுத்துப்புட்டேன்."

அந்த அம்மாள் அதையும் குறித்துக்கொண்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. குழாயைப் பதித்துப் படம் அனுப்பினால்தான் முதல் தவணை இறங்கும் என்று அதில் இருந்தது. வியாழக்கிழமை காலையில் பொக்லைன் வந்துவிட்டது. பாதையை வெட்டினார்கள், குழாயை இறக்கினார்கள், மேலே மண்ணைத் தள்ளி இறுக்கினார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. மொக்கைச்சாமி இரண்டு நாளும் வெயிலில் கூடவே நின்றார். என்றைக்கோ கொடுத்த வாக்கு அது.

பொக்லைன் கிளம்பிப் போன நேரத்தில் தோட்டத்து ஜீப் பாதை முக்கில் நின்றது. பாண்டீஸ்வரி தூக்குவாளியோடு இறங்கினாள். விரலெல்லாம் ஏலக்காய்க் கறை. குழாய் வாயருகே வந்து குனிந்து, அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாள். தெரிந்தது.

"பேங்குல இருந்து வந்து பாத்தாக, ஆத்தா," என்றார் மொக்கைச்சாமி. "இனிமே அங்கன தண்ணி ஏறாது."

அவள் நிமிர்ந்தாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள்.

"இதப் போட எத்தன நாளாச்சுண்ணே?"

"ரெண்டு நாளு."

"ரெண்டு நாளு வேலதானா," என்றாள் பாண்டீஸ்வரி.

குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். நாளெல்லாம் குனிந்து காய் பறித்தவளின் களைப்பு மட்டுமே இருந்தது. சரளைக்கல் நிலத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, தூக்குவாளியைக் கைமாற்றிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஆபீசில் சசிதரன் புத்தகத்தைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பத்தாவது வரியின் காலிக் கட்டத்தில் 'தீர்க்கப்பட்டது' என்று மொக்கைச்சாமி எழுதினார். இந்தத் தடவை பொய் இல்லை. மறுநாள் விடியுமுன் தெருமுக்கில் ஜீப் ஹாரன் கேட்டது. படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஒருவேளை இன்றைக்கு அவள் போகாமல் இருப்பாள் என்று ஒரு நப்பாசை. ஜீப் நின்றது, அவளை ஏற்றிக்கொண்டு கம்பமெட்டுப் பக்கம் போனது.