வாசலுக்கு மேல் சுதைப் பொம்மைகள்

எதிர்வீட்டிலிருந்து வரும் புதுப் பெயின்ட் வாசனை, சதுரங்கப்பட்டினத்தில் நான் பிறந்து வளர்ந்த இதே தெருவின் பழைய சுண்ணாம்பு வாசனையைக் கிளப்பிவிடுகிறது. பொங்கலுக்கு முன் தெரு முழுக்க வெள்ளையடிப்பார்கள். வாசலுக்கு மேல் வீட்டுக்கு ஒன்றாய் இருக்கும் சுதைப் பொம்மைகளுக்கு மட்டும் வண்ணம் பூசுவார்கள். வீட்டு எண்ணை யாரும் கேட்டதில்லை. "கிளி வூட்ல மோர குட்த்துட்டு, யானை வூட்டாண்ட திரும்பி வாடி" என்று அம்மா அனுப்புவாள். எழுத்துக் கூட்டத் தெரியாத நான் அந்தப் பொம்மைகளைப் பார்த்தே போய் வருவேன், ஒரு நாளும் தவறியதில்லை.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒவ்வொரு முகப்பாக உடைத்து டைல்ஸும் கண்ணாடியும் ஒட்டினார்கள். போன மாதம் பட்டப்பகலில் கடையிலிருந்து திரும்பியவள், எங்கள் வாசல் மயிலை அண்ணாந்து பார்க்காமல் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டேன்.

"யாரு வோணும் ஆயா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

தண்ணீர் கேட்க வந்தவள்போல நிமிர்ந்து நின்று, வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இன்று என் மகன் கொத்தனாரைக் கூட்டிவந்து வாசலில் நிற்கிறான்.

"நம்ம மயிலு பாசி புட்ச்சிகினு கீதும்மா. நாளைக்கு பேத்துட்டு டைல்ஸ் ஒட்டிரலாம். தெருவே நம்மளப் பாத்து சிரிக்குது."

"சிரிக்கட்டும்டா" என்றேன். "அதயும் பேத்துட்டா, நம்ம வூடு எதுன்னு எனக்கு எப்டிடா தெரியும்?"