அறுபத்து நான்காம் படம்

லிட்டில் அந்தமான் ஹட் பேயில் எங்கள் தெருவுக்கென்று, வீட்டுப் பழைய புகைப்படங்களை மாட்டிவைக்க ஒரு படக்கூடம் வேண்டும் என்று முதலில் சொன்னது ஸ்டுடியோ வைத்திருக்கும் வங்காளி; எல்லோருக்கும் அவர் தாதா, அதாவது அண்ணன். எங்கள் தெருக் காண்டிராக்டர் தன் சிமெண்டு கிடங்கைக் காலி செய்து கொடுத்தார். அலுவலகத்தில் முப்பத்தொரு வருடம் கோப்புகளுக்கு எண் போட்டவன் என்பதால் பதிவேடு என்னிடம் வந்தது. வீட்டுக்கு ஒரு படம் கேட்டோம். நூற்றுப்பன்னிரண்டு வந்தன.

அறுபத்து நான்காவதைக் கொண்டுவந்த அம்மா நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தவர்; சிலோனிலிருந்து வந்து அங்கே குடியேறிய குடும்பம். சுனாமியன்று கடல் உள்ளே வந்தபோது வீடும் போயிற்று, மகளும் போனாள். தமிழ்நாட்டில் ஓர் உறவினரிடம் இருந்ததால் மகளின் இந்தப் படம் மட்டும் மிஞ்சியது.

"வேற இல்லீங்க ஐயா. பார்த்து வச்சுக்குங்க."

"ரிஜிஸ்டர்ல ஏத்திட்டா ஒண்ணும் ஆகாதும்மா," என்றேன்.

தாதா படங்களை எடுத்துப்போக வந்தார். "பாபுஜி, பஹலே ஸ்கேன் பண்ணிடலாம். நம்பர் அப்புறம்."

நம்பர் இல்லாமல் ஒரு படமும் வெளியே போகக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன்.

"விடு தாதா," என்றார் காண்டிராக்டர். "அண்ணன் வாய்ல போடுற சோத்தையே எண்ணித்தான் போடுவாரு."

ஊதா மை முத்திரையால் படத்தின் முதுகில் எண் குத்தி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்து அடுக்கினேன். இங்கே மழைக்காலத்தில் மை லேசில் காய்வதில்லை. அது தெரிந்துதான் இடையில் வைக்கச் செய்தித்தாளை நூற்றுப்பதினொரு துண்டுகளாக வெட்டியிருந்தேன். அடுக்கி முடித்தபோது ஒரு துண்டு மிஞ்சியது. ஒன்று கூடுதலாக வெட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாழ்நாளில் நான் அப்படி நினைத்ததே இல்லை. அந்த நேரத்தில் காண்டிராக்டர் வாசலில் நின்று, போர்ட் பிளேயர் கப்பல் வந்துவிட்டது, கண்ணாடிச் சட்டங்களை இறக்க வேண்டும் என்று கூப்பிட்டார். எழுந்து போய்விட்டேன்.

மறுநாள் பிரித்தபோது, அறுபத்து மூன்றின் முதுகிலிருந்த ஈர எண் இடவலம் மாறி அந்தப் பெண்ணின் முகத்தில் பதிந்திருந்தது. மூக்குக்குக் கீழே முகவாய் வரை ஊதா.

தாதா ஓரத்தில் ஒரு பொட்டு ஸ்பிரிட் தொட்டுப் பார்த்தார். மையோடு படமும் சேர்ந்து வந்தது. கையை எடுத்துக்கொண்டார். பிறகு ஸ்கேன் செய்து கணினியில் மூன்று நாள் உட்கார்ந்து, சுத்தமான படம் ஒன்று கொண்டுவந்தார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"மைக்குக் கீழே குச் நஹி, ஒண்ணுமில்ல, பாபுஜி. இந்த வாய் கம்ப்யூட்டர் போட்டது."

அந்த அம்மாவை வரவழைத்து இரண்டையும் மேசையில் வைத்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் திட்டவில்லை. புதிய படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல புள்ளதாங்க. என் புள்ள இல்லீங்க. அவளுக்கு ஒரு பல்லு மேல ஏறியிருக்கும்."

தாதா உடனே நிமிர்ந்தார். "பல்தானே? போட்டுடலாம், மா. எந்தப் பக்கம்?"

அந்த அம்மா தன் வாயில் விரலை வைத்தார். இடப்பக்கம் வைத்தார், வலப்பக்கம் கொண்டுபோனார், மறுபடி இடப்பக்கம்.

"அது எந்தப் பக்கம்னு பார்க்கத்தாங்க இந்தப் படத்தைக் கையில எடுப்பேன்," என்றார்.

நான் பதிவேட்டைத் திறந்தேன். அறுபத்து நான்கு: பெண் குழந்தை, பள்ளிச் சீருடை, இரட்டைப் பின்னல், நீளம் ஐந்து அங்குலம், அகலம் மூன்றரை. என் கையெழுத்துதான். பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னாலும் பல்லைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.