இரண்டு இஞ்சு தூக்கிய ஜீப்

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெய்லர் என்றால் அவர்தான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக் காவலாளிகள், பஸ் டிரைவர்கள் என்று முப்பது வருடமாகச் சீருடை தைத்துக் கொடுத்துவரும் மனிதர். கழுத்தில் அளவு டேப் இல்லாமல் எதிரே வந்தால் நீங்கள் யாரோ என்று தாண்டிப் போய்விடுவீர்கள். தூங்கும்போதாவது கழற்றுவாரா என்று நான் கேட்டதில்லை. கேட்க பயம்.

அளவெடுப்பதில் அவருக்கென்று ஒரு கொள்கை உண்டு. ஆள் எப்படி வந்து நிற்கிறாரோ அப்படியே அளக்க வேண்டும். பாக்கெட்டில் சாவிக்கொத்து இருந்தால் இருக்கட்டும், பர்ஸ் புடைத்தால் புடைக்கட்டும். "வயித்தை உள்ள இழுக்காதீங்க சார். கடையை விட்டு வெளிய போனதும் அது திரும்பி வந்துடும். அதுக்கும் சேர்த்துதான் நான் தைக்கணும்" என்பார். இந்தக் கொள்கையால் அவர் தைத்த கால்சட்டை ஒருவரையும் இறுக்கியதில்லை. இதே கொள்கைதான் பிற்பாடு அவர் காலை வாரிவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஓர் ஒல்லியான மனிதர் பேண்ட் தைக்க வந்தார். அவருடைய ஜீப் வாசலில் நின்றது. இருபத்திரண்டு வயசு வண்டி. சதுர முகம், உருண்டைக் கண், பின்னால் எதிரெதிர் பெஞ்சு. டெய்லர் அந்த மனிதரின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் போட்டார், ஜீப்பைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே நோட்டில் நாற்பத்தெட்டு என்று எழுதினார். அவர் தொழிலில் நடந்த முதல் தப்பு அது. பேண்ட்டைப் போட்டுப் பார்த்த மனிதர், "இன்னொருத்தரும் உள்ள வரலாம் போலிருக்கே!" என்று விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பிலே பேச்சு வளர்ந்தது, பேச்சிலே ஜீப் கை மாறியது.

டெய்லரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. நாளெல்லாம் நின்றே மாத்திரை எடுத்துக் கொடுக்கிற உடம்பு. சரி, கூப்பிடுகிறாரே என்று அவளும் முதல் சவாரிக்கு ஆசையாகத்தான் ஏறினாள். வண்டியிலோ ஷாக் அப்சார்பர் என்று பெயருக்கு நாலு குழாய், அத்தனையும் எண்ணெய் கசிந்து உயிரை விட்டவை. மார்க்கெட் முனைப் பள்ளத்தில் ஜீப் விழுந்து எழுந்தபோது அவள் கொண்டை கூரையில் மோதியது, இடுப்பு பிடித்துக்கொண்டது. அங்கேயே இறங்கி பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே அந்த வண்டியில நான் காலை வச்சா ஏன்னு கேளுங்க" என்றாள்.

அவர் கேட்கவில்லை. கேட்க வாய்ப்பே வரவில்லை. பதினாலு மாதமாக முன் சீட்டு காலியாகக் கிடந்தது. எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது, சொல்லிவிடுகிறேன்: அந்த மனிதர் ஜீப் வாங்கியதே அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓட்டத்தான். அது இல்லையென்றால் அவருக்கு அது நாலு சக்கரம் போட்ட துணி அலமாரி.

ஆகவே வண்டியைச் சீர்செய்ய இறங்கினார். அடேயப்பா, இறங்கினாரே ஓர் இறக்கம்! காலையில் வீடியோ, சாப்பிடும்போது வீடியோ, பொத்தான் தைக்கும்போதும் காதில் ஷாக் அப்சார்பர் பிரசங்கம். முதலில் போன கடையில் ஓர் ஆள், "நாலு இஞ்சு தூக்கிடலாம் சார்! பக்கத்துல நிக்கிற காரெல்லாம் பொம்மை மாதிரி ஆயிடும்" என்றான். எப்படித் தூக்குவாய் என்று கேட்டால், பழைய ஸ்பிரிங்குக்கு மேலேயே கட்டையாக ஒன்றை வைத்துத் தூக்குவானாம். டெய்லருக்கு மனசு ஒப்பவில்லை. காலுக்கு நீளம் போதவில்லை என்றால் துணியை மாற்ற வேண்டும், ஒட்டுப் போட்டால் ஆயிற்றா?

இரண்டாவதாகப் பார்த்தவர் ஸ்பிரிங்காரர். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசுவார். "தூக்கறது பெரிய விஷயமில்ல. வண்டியைத் தாங்குறது ஸ்பிரிங். அது துள்ளும்போது அடக்கி உட்கார வைக்கிறது ஷாக். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தணும்" என்றார். எண்ணெய் ஷாக் மெத்தென்று இருக்கும், ஆனால் மோசமான ரோட்டில் சூடேறினால் சோர்ந்துவிடும். கேஸ் ஷாக் கொஞ்சம் விறைப்பு, ஆனால் நாள் பூராவும் ஒரே மாதிரி உழைக்கும். இரண்டு இஞ்சுக்கு மேல் தூக்கினால் பிரேக் குழாய் முதற்கொண்டு நீளம் பற்றாமல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும். "ரெண்டு இஞ்சு. கேஸ் ஷாக். புது ஸ்பிரிங். முடிஞ்சுது."

துணிக்கு அளவு வரையும் வெட்டுத்தாளில் ஷாக் அப்சார்பரைப் படம் போட்டு மனைவிக்கு விளக்கினார் டெய்லர். அவள் மாத்திரை அட்டையைப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எங்கப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்தப்போகூட இவ்வளவு விசாரிக்கலைங்க."

"விசாரிச்சிருந்தா நான் கிடைச்சிருப்பேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க ஒரு நிபந்தனை போட்டாள். அவர்கள் குடியிருந்த அடுக்குமாடியில் கார்கள் நிற்பது தரைக்குக் கீழே. சரிவில் இறங்கினால் நுழைவில் குறுக்கே ஒரு கான்கிரீட் உத்தரம். வெளியே வண்டியை விட்டால் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். "நல்லா கேட்டுக்கோங்க. தூக்கினதுக்கப்புறம் வண்டி நம்ம இடத்துல போய் நிக்கணும். உத்தரம் இடிச்சுதுன்னா அன்னிக்கே வித்துடணும். நின்னுதுன்னா ஏறுறதைப் பத்தி யோசிக்கிறேன்."

"யோசிப்பியா? சத்தியமா?"

"யோசிக்கிறேன்னுதான் சொன்னேன்."

அது போதாதா அவருக்கு! டேப்பை உருவிக்கொண்டு ஓடினார். உத்தரம் தரையிலிருந்து ஆறடி ஏழு இஞ்சு. கூரைக் கேரியரைக் கழற்றிவிட்டு ஜீப்பை அளந்தார், ஆறடி நாலு. இரண்டு கூட்டினால் ஆறடி ஆறு. ஓர் இஞ்சு தையலுக்கு விட்டதுபோல மிச்சம்! ஸ்பிரிங்காரர் கேட்டிருந்தபடி நாலு சக்கரத்துக்கும் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து, அந்தக் கணக்கையும் அனுப்பிவைத்தார்.

அன்றைக்கு ஜீப்புக்குள் என்ன இருந்தது தெரியுமா? பின்னால் பள்ளிக்கூடச் சீருடை பதினோரு மூட்டை. முன் சீட்டில், ரிப்பேருக்குப் போகிற பெரிய தையல் மெஷின், பெல்ட் போட்டு ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. வண்டி எப்படி வந்து நின்றதோ அப்படியே அளந்தார். கொள்கை!

ஸ்பிரிங்காரர் போன் போட்டார். "ரொம்ப உட்கார்ந்திருக்கே சார். பழைய ஸ்பிரிங் செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன். கொஞ்சம் கெட்டியான செட்டா போட்டுடறேன்."

"தாராளமா போடுங்க" என்றார் நம் ஆள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுக்கப் போனார். ஐயோ, அந்தக் கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ஜீப் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. டெய்லருக்கு வாயெல்லாம் பல். நாலு பக்கமும் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், ஸ்பிரிங்காரரைக் கட்டிப்பிடித்தார், தெரியாமல் பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரையும் கட்டிப்பிடித்தார். திரும்பி வரும் வழியில் வண்டி ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு துள்ளு துள்ளியது. புதுசில்லையா, சந்தோஷத்தில் துள்ளுகிறது என்று நினைத்துக்கொண்டார். அவரும்தான் துள்ளிக்கொண்டிருந்தார்.

சரிவின் தலைப்பில் ஒரு வேகத்தடை. அதில் ஏறியதும் டெய்லரின் உச்சந்தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. சரிவில் இறங்கினார். கீழே நின்ற காவலாளி இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஊதினார் பாருங்கள் ஒரு விசில்! "சார், நிறுத்துங்க! தலை இடிக்குது!"

இறங்கி அளந்தார். ஆறடி ஏழே முக்கால். மறுபடி அளந்தார். டேப் பொய் சொல்லாது. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் பொறி தட்டியது.

"அடக் கடவுளே, மூட்டையோட அளந்துட்டேனே!"

போனில் ஸ்பிரிங்காரர் வாழ்நாளில் முதல் முறையாகச் சிரித்தார். "லோடு ஏத்தின வண்டியை வெறும் வண்டின்னு நினைச்சுட்டேன் சார். கவலைப்படாதீங்க. ஆளுங்க ஏறினா இறங்கிடும். ஏறினாத்தான் சொகுசும் தெரியும்."

விசில் சத்தத்துக்கு மாடி பால்கனிகளில் தலைகள் முளைத்தன. செயலாளர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே இறங்கி வந்தார். "வழியை மறிச்சு நிக்கக் கூடாது. அரை மணி நேரம் தர்றேன். உள்ள போகணும், இல்லேன்னா வெளிய போகணும்." பின்னாலேயே டெய்லரின் மனைவி. கையைக் கட்டிக்கொண்டு சரிவின் தலைப்பில் நின்றாள்.

மூட்டைகளெல்லாம் முந்தின நாளே பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தாயிற்று. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தார்கள். கால் இஞ்சு தேறியது. இன்னும் அரை இஞ்சு. அப்போது ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வந்திருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, நூற்றுப் பத்து கிலோ, தொப்பையைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"ஆள் ஏறினா இறங்கும்னா சொன்னாரு? மாமா, இத்தனை நாள் என்னைக் கிண்டல் பண்ணீங்களே, இப்பப் பாருங்க!"

ஜீப்பை மேலே, வேகத்தடைக்கு அந்தப் பக்கம்வரை பின்னுக்கு எடுத்து நிறுத்தினார்கள். மச்சான் பின்பக்கம் ஏறியதும் வண்டி மரியாதையாகத் தாழ்ந்தது. கூட்டம் கைதட்டியது. மூன்றாம் மாடிப் புருஷனும் பெண்டாட்டியும் ஏறினார்கள். பால்காரர் சைக்கிளை ஓரமாகச் சாத்திவிட்டு ஏறினார். இன்னும் ஓர் ஆள் வேண்டும். எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"சங்க விதியில இதுக்கு இடமில்லையே" என்றார் அவர்.

"வண்டியில இருக்கு சார், வாங்க" என்றான் மச்சான், ஒரு கையால் அவரை உள்ளே இழுத்துக்கொண்டு.

மெல்ல இறக்கிப் பார்த்தார் டெய்லர். பின்பக்கம் சரி. முன்பக்கம் மட்டும் உத்தரத்தை ஒரு விரற்கடையில் உரசப் பார்த்தது. திரும்ப மேலே. "முன் சீட்டு காலியாத்தானே இருக்கு? நான் உட்கார்றேன்" என்று பால்காரர் குதித்திறங்கிக் கதவில் கை வைத்தார்.

"அதுல வேணாம்!"

டெய்லர் போட்ட சத்தத்தில் பால்காரர் கையை எடுத்துக்கொண்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டெய்லருக்கு முகம் சிவந்துவிட்டது.

"தப்பா நினைக்காதீங்க. அது அவ சீட்டு. வண்டி போனா போகட்டும்."

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்காததுபோல் மடியில் கையை வைத்துக்கொண்டார். டெய்லர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

முன் கதவு திறந்தது.

"மெஷினை மட்டும் பெல்ட் போட்டு உட்கார வச்சீங்களாக்கும்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஏறினாள். இரண்டு இஞ்சு உயரத்துக்குக் கொஞ்சம் எம்ப வேண்டியிருந்தது, முனகிக்கொண்டே எம்பினாள். பெல்ட்டைப் போட்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, ஒரு கையால் கொண்டையைப் பொத்திக்கொண்டாள். "ம், போங்க. அந்த மேடு வந்தா சொல்லுங்க."

பால்காரர் பின்னால் ஏறிக்கொண்டார். ஜீப் நகர்ந்தது. வேகத்தடையில் முன் சக்கரம் ஏறி இறங்கியது, பின் சக்கரம் ஏறி இறங்கியது. ஏழு பேர் பாரத்தில் ஸ்பிரிங் மெத்தென்று அமுங்க, ஷாக் அதைப் பிடித்து நிறுத்தியது.

"மேடு எங்கங்க?"

"தாண்டியாச்சு."

அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள். கொண்டையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

கீழே காவலாளி உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவே கண்ணை வைத்துக்கொண்டு கத்தினார்: "வாங்க சார், வாங்க... ஒரு விரல் இருக்கு... யாரும் தும்மாதீங்க... வாங்க!" ஜீப் உள்ளே போய்விட்டது. ஐயோ, அந்தக் கூச்சல்! செயலாளரே விசிலடித்தார் என்று மச்சான் இன்றைக்கும் சாதிக்கிறான். அவர் மறுக்கிறார்.

வண்டி தன் இடத்தில் நின்றது. ஒவ்வொருவராக இறங்க இறங்க அது நிமிர்ந்துகொண்டே வந்தது. செயலாளர் அதைப் பார்த்தார். "அது சரி, திரும்ப வெளிய எப்படி எடுப்பீங்க?"

டெய்லர் தாடையைச் சொறிந்தார். "பின்னால மூட்டை ஏத்திக்கலாம். முன்னாலதான்..." என்று இழுத்தார்.

அவள் இன்னும் இறங்கவில்லை. பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. காலையில ஏழு மணிக்கு வந்து உட்காருவேன். முதல்ல அந்த மார்க்கெட் முனைக்கு விடுங்க, ஒரு கை பார்த்துடறேன். தலை மட்டும் இடிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

டெய்லர் கழுத்திலிருந்து டேப்பை எடுத்தார். அவள் தலைக்கும் கூரைக்கும் நடுவே பிடித்து அளந்தார். அவள் குனியவும் இல்லை, அவர் குனியச் சொல்லவும் இல்லை.

"நாலு இஞ்சு இருக்கு" என்றார்.

கொண்டையோடு சேர்த்துத்தான் அளந்தார்.