கோடம்பாக்கத்தில் என் பெல்பாட்டம்

கோடம்பாக்கம் ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கிறேன். நான் பழைய உடுப்புகள் சேர்க்கிறவன். போட்டிருப்பது எழுபதுகளில் தைத்த அசல் பெல்பாட்டம். எதிரே ஒரு வேன் வந்து நிற்கிறது. இறங்கியவர் என் கையைப் பிடிக்கிறார்.

“இன்னா நைனா, இங்க நின்னுகினு கீற? ஷூட்டிங் ஆரம்பிக்கப் போவுது, ஏறு!”

“நான் நடிகன் இல்லண்ணே. மதுரையிலருந்து ஊர் சுத்த வந்தவன்.”

“பரவால்ல. எழுபதுகள் கதை, கூட்டத்துல நிக்க ஒரு ஆள் கம்மியா கீது.”

எனக்கும் ஆசைதான், ஏறிவிடுகிறேன். படப்பிடிப்பில் உடைகளைக் கவனிக்கும் பெண்மணி என் பேன்ட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார்.

“இது அந்தக் காலத்துது மாதிரியே இல்லியே. கழட்டு.”

நூல் பிசிறுகூட வெட்டாத புத்தம்புது பெல்பாட்டம் ஒன்றை நீட்டுகிறார். வாங்கி மாட்டிக்கொள்கிறேன். வேனில் கூட்டி வந்தவர் முகம் மலர்ந்து சொல்கிறார்:

“இப்பதான்ப்பா ஒரிஜினலா கீது!”