எதிர்வீட்டு மருந்துச் சட்டி

கஷாயம் காய்ச்சுவதில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தற்பெருமைதான், இருக்கட்டும். எட்டு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை அடுப்பை விட்டு நகரமாட்டேன்.

எழுபதுகளில் புக்கிட் மேராவுக்குக் குடிவந்த புதிதில் என் கணவருக்கு நெஞ்சுச் சளி. சிராங்கூன் ரோட்டில் ஆடாதோடை, திப்பிலி, சுக்கு எல்லாம் வாங்கிவிட்டேன். மண்சட்டிதான் வீடு மாறும்போது உடைந்துபோயிருந்தது. அலுமினியத்தில் காய்ச்ச எனக்கு மனம் வராது. எதிர்வீட்டுச் சீன அக்கா கேட்டவுடனே தன் மருந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தார். அந்தத் தளத்தில் எனக்கிருந்த ஒரே சிநேகிதி அவர். எங்கள் இருவருக்கும் பொது, அரைகுறை மலாய்.

நான்காம் நாள் இருமல் நின்றது. சட்டியைத் தேய்த்துக் கழுவி, வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக்கூடாதே என்று முறுக்கை நிரப்பி எடுத்துப் போனேன். சட்டியைக் கண்டதும் அவர் பின்வாங்கினார். “ஜாங்கான், ஜாங்கான்” என்று வேண்டாமெனக் கையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்குச் சுருக்கென்றது. “நம்ம கை பட்டா அவங்களுக்கு ஆகாதா?” என்று வீட்டுக்குள் வந்து பொரிந்தேன்.

“விடு லா, என்னான்னு கேட்டுட்டு அப்புறம் கோபப்படு,” என்றார் கணவர்.

நான் கேட்கவில்லை. இரண்டு வாரம் சீன அக்காவைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கடைசியில் அவர் மகள்தான் லிஃப்டில் விஷயத்தைச் சொன்னாள். மருந்துச் சட்டியைத் திருப்பிக் கொடுத்தால் நோயையே கொண்டுவந்து கொடுத்ததாக ஆகுமாம். தேவைப்படும்போது சட்டிக்காரரே வந்து எடுத்துக்கொள்வதுதான் அவர்கள் வழக்கம். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் போய் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. இருந்த ஒரு சிநேகிதியையும் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த மாதக் கடைசியில் எதிர்வீட்டில் இருமல் சத்தம். சட்டியைக் கேட்டு அவர் வரவில்லை. நான் கொண்டுபோகவும் கூடாது. மூன்றாம் நாள் அதே சட்டியில் கஷாயம் காய்ச்சினேன். சட்டியை என் அடுப்பிலேயே விட்டுவிட்டு, கஷாயத்தை மட்டும் டம்ளரில் ஊற்றி எடுத்துப்போய்க் கதவைத் தட்டினேன். அவர் என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நின்றபடியே ஒரு சொட்டு விடாமல் குடித்தார். முகம் மட்டும் அஷ்டகோணலானது.

உள்ளே போய் டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தார். வெறும் டம்ளராகத் தரவில்லை. அதன் வாயில் ஒரு சின்ன ஆரஞ்சுப் பழம் உட்கார்ந்திருந்தது. அன்று நான் முறுக்கோடு நின்றதை அவர் மறக்கவில்லை.

எங்கள் இரு வாசலுக்கும் நடுவே நாலே எட்டுத்தான். யாராவது பார்க்கட்டும் என்று, டம்ளரை முன்னால் ஏந்திக்கொண்டு மெதுவாக நடந்தேன்.