வெட்டாமல் காத்திருந்த பதினொரு கிழமைகள்

முதலில் வலி வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. நின்றதை நல்ல அறிகுறி என்று நினைத்ததுதான் என் பிழை.

தென் லண்டனில், உறைய வைத்த மீன்களைச் சேமிக்கும் ஒரு களஞ்சியத்தில் நான் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். பெட்டியைத் திறந்து, மீனுக்குள் வெப்பமானியின் ஊசியைச் செருகி அளவு பார்ப்பது என் வேலை. குளிரறை பூச்சியத்துக்குக் கீழே இருபத்தைந்து பாகையில் இருக்கும். தடித்த கையுறையோடு அந்த ஊசியைப் பிடிக்க முடியாது. அதனால் மெல்லிய உள்கையுறையோடு இரண்டு நிமிடம் வேலை செய்துவிட்டு, உடனே தடித்ததைப் போட்டுக்கொள்வேன். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

அந்த ஜனவரி வியாழக்கிழமை பிற்பகல் என் உள்கையுறை ஈரமாக இருந்தது. நான் கவனிக்கவில்லை. ஓர் அடுக்கிலிருந்த மீன்களின் வெப்பநிலை பிழையாக இருந்தது. ஏன் என்று கண்டுபிடிக்காமல் வெளியே வர மனம் வரவில்லை. பெட்டி பெட்டியாகத் திறந்தேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். வலக்கை விரல்கள் ஊசி குத்துவது போல வலித்தன. பிறகு வலி இல்லை. கை பழகிவிட்டது என்று நினைத்தேன்.

வெளியே வந்து கையுறையைக் கழற்றினேன். சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் மரம் போல இருந்தன. மேசையில் தட்டிப் பார்த்தேன். சத்தமும் மரத்தின் சத்தம்தான். நிறம் விசித்திரமாக இருந்தது. திருநீற்றைக் குழைத்துப் பூசிக் காயவிட்டது போன்ற சாம்பல். சாப்பாட்டு அறைக் குழாயில் வெந்நீரைத் திறந்து கையை நீட்டினேன். சூடு தெரியவில்லை. தெரியாததால் இன்னும் திறந்தேன்.

குளிரில் வேலை செய்கிற யாராவது இதை வாசித்தால், இந்த ஒன்றையாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உணர்வில்லாத கைக்கு வெந்நீரின் அளவு தெரியாது. இளஞ்சூட்டு நீர்தான் வேண்டும். அதையும் நல்ல கையுள்ள இன்னொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் சிறீதரன் கண்டுவிட்டார். அவர் மின்வேலை செய்பவர். கைகளை முதலில் பார்ப்பது அவருடைய வழக்கம்.

"கையைக் காட்டும் பாப்பம். என்னப்பா இது, விறைச்சுப் போய்க் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நாளைக்குச் சரியாகீடும்."

"வெளிக்கிடும். ஆஸ்பத்திரிக்குப் போவம்."

"அங்க போய்க் கனநேரம் குந்தியிருக்க என்னால ஏலாது. விடியப் பாப்பம்."

விடிந்தபோது மூன்று விரல்களும் வீங்கியிருந்தன. அடிப்பக்கத்தில் தெளிந்த நீர்க்கொப்புளங்கள். நடுவிரல் நுனியில் மட்டும் கொப்புளத்துக்குள் கருஞ்சிவப்பாக இரத்தம். வலி திரும்பி வந்திருந்தது. அது நெருப்பு வலி.

அவசர சிகிச்சைப் பிரிவில் பார்த்தவர் டொக்டர் அடம் என்ற இளம் வைத்தியர். வெந்நீரைப் பற்றிச் சொன்னதும் "சுடுநீர்க் காயம்" என்று எழுதத் தொடங்கினார். நான் குளிரறையைப் பற்றியும் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டுக் கைபேசியில் தேடினார். கிடைத்த படங்களை என் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். தோல் வெள்ளையாகும், பிறகு சிவக்கும் என்று படங்களின் கீழே எழுதியிருந்தது.

"இதில் இருப்பது எல்லாமே வெள்ளைக்காரரின் கைகள்," என்றார். "உங்கள் கையை இவற்றோடு எப்படி ஒப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. உறைபனிக்காயத்தை நான் நேரில் பார்த்ததில்லை. பார்த்த ஒருவரைக் கண்டுபிடிக்கிறேன்."

என் விரல்களில் பெரும்பகுதி இன்று இருப்பதற்கு அவருடைய அந்தத் "தெரியவில்லை" ஒரு காரணம்.

அவர் அழைத்து வந்தவர் கைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹெலன். ஹெலனும் இத்தகைய காயங்களை இரண்டு மூன்று தடவைதான் கண்டிருந்தார். அவர் ஸ்கொட்லாந்தில் மலையேறுபவர்களுக்கு வைத்தியம் பார்க்கும் கலம் என்பவரைக் காணொளியில் அழைத்தார். திரையில் நரைத்த தாடியோடு தோன்றிய கலம் என் பெயரைக் கேட்டார். பிறகு கேட்ட கேள்வி என்னை வியக்க வைத்தது.

"வலி எத்தனை மணிக்கு நின்றது?"

எப்போது தொடங்கியது என்று கேட்கவில்லை. நேற்று மூன்று மணி தாண்டி என்றேன். அப்போது நண்பகல். அவர் விரல்விட்டு எண்ணினார்.

"இருபத்தொரு மணித்தியாலம். இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அதிகம் இல்லை."

ஏன் என்று கேட்டேன். அவர் சலிக்காமல் விளக்கினார். விரலைக் கொல்வது குளிர் மட்டுமல்ல. விரல் மீண்டும் சூடான பிறகு, அதன் நுண்ணிய குழாய்களில் இரத்தம் கட்டிபட்டு அடைக்கத் தொடங்கும். அந்த வேலை அப்போதும் என் கைக்குள் நடந்துகொண்டிருந்தது. அதைத் தடுக்க ஐலோபிரொஸ்ட் (இரத்தக் குழாய்களை விரித்து ஓட்டத்தைக் கூட்டும் மருந்து) மூன்று நாட்களுக்குள் தொடங்க வேண்டும். முந்தினால் இன்னும் நல்லது.

அந்த மருந்து அதே கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்தது. மூட்டுவாதப் பிரிவில், தோல் இறுகும் நோயால் விரல்கள் நீலமாகிறவர்களுக்கு அதைக் கொடுக்கிறார்கள். அங்கிருந்து கிரேஸ் என்ற மூத்த தாதி இறங்கி வந்தார். அவர் அந்த மருந்தை எத்தனையோ பேருக்கு ஏற்றியிருக்கிறார்; உறைபனிக்காயத்துக்கு ஒருமுறையும் இல்லை. கலமுக்குக் காயம் தெரியும். அந்த வைத்தியசாலையின் மருந்துப் பம்பு தெரியாது. ஹெலனுக்கு விரலின் ஒவ்வொரு நரம்பும் தெரியும். மருந்தின் அளவு தெரியாது. திரையில் கலமும் என் கட்டிலருகே மற்ற இருவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் கைதான் என்பதையே சற்று மறந்துவிட்டேன். அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று காத்திருந்தேன்.

பிற்பகல் இரண்டு மணிக்கு மருந்து ஏறத் தொடங்கியது. நாளுக்கு ஆறு மணித்தியாலமாக ஐந்து நாட்கள். தலையிடிக்கும், முகம் சிவந்து எரியும், தாடை வலிக்கும், குமட்டும். கிரேஸ் அரை மணிக்கொரு தடவை இரத்த அழுத்தத்தைப் பார்த்து வேகத்தைக் கூட்டினார் அல்லது குறைத்தார். "தாங்க முடியாவிட்டால் சொல்லுங்கள், வீரம் காட்டாதீர்கள்," என்றார். இரண்டாம் நாள் வீரம் காட்டி வாந்தி எடுத்தேன். பிறகு சொல்லப் பழகினேன்.

மூன்றாம் நாள் சோபியா என்ற ஆராய்ச்சியாளர் வந்தார். நாட்டின் பல வைத்தியசாலைகளிலிருந்து உறைபனிக்காய விபரங்களைச் சேர்க்கிறார்கள் என்றார். ஒவ்வோர் இடத்துக்கும் எப்போதாவது ஒருவர்தான் வருகிறார். தனித்தனியாக இருந்தால் யாரும் எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. என் கையைத் தினமும் படமெடுக்கலாமா என்று கேட்டார்.

கணவர் எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "முகம் வருமோ எண்டு கேளும். பேர் போடுவினமோ எண்டும் கேளும்."

முகமும் பேரும் வராது என்றார் சோபியா. நான் ஒரு நிபந்தனை வைத்தேன். அவர்கள் கண்டறிவதை எனக்கும் சொல்ல வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே தாளின் ஓரத்தில் அதை எழுதினார். அதன் பிறகு தினமும் ஒரே வெளிச்சத்தில், நிற அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தார்கள். முதல் நாள் கை எப்படி இருந்தது என்று சோபியா கேட்டபோது திருநீற்றைப் பற்றிச் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. கணவர் தன் பணப்பையில் வைத்திருந்த கோயில் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். சோபியா அதையும் படமெடுத்தார்.

ஐந்து நாட்கள் முடிந்ததும் எலும்பு ஸ்கேன் (சிறிதளவு கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றி, எலும்புவரை இரத்தம் போகிறதா என்று பார்ப்பது) செய்தார்கள். திரையில் இரண்டு விரல்கள் நுனிவரை ஒளிர்ந்தன. நடுவிரல் கடைசி மூட்டோடு இருண்டுவிட்டது.

கணவரால் அதைப் பார்க்க முடியவில்லை. "செத்ததெண்டால் வெட்டச் சொல்லும். கிருமி பிடிச்சுக் கை முழுக்கப் போனால் என்ன செய்யிறது?"

நான் அதை ஹெலனிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் கணவரைப் பார்த்தே பதில் சொன்னார். "எங்கே உயிர் முடிகிறது என்று இன்று எனக்குத் தெரியாது. விரலுக்கும் இன்னும் தெரியாது. இன்று வெட்டினால் பிழைக்கக்கூடியதையும் வெட்டிவிடுவேன். காய்ந்து இருக்கும்வரை காத்திருப்போம். ஈரமானால், கெட்ட மணம் வந்தால், காய்ச்சல் வந்தால் உடனே வாருங்கள்."

காத்திருந்தோம். நுனி கறுத்தது, சுருங்கியது, தட்டினால் ஒலித்தது. தினமும் காலையில் கணவர் அதை முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் தேநீர். ஆறாம் கிழமை, கறுப்புக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய கோடு விழுந்தது. அது மூட்டில் விழவில்லை. மூட்டுக்கு மேலே, நகத்தின் நடுவில் விழுந்தது. ஸ்கேனில் இருண்டிருந்த இடத்தில் ஒரு பாதி உயிரோடு இருந்தது. பதினோராம் கிழமை ஹெலன் மிச்சத்தை அகற்றினார். இருபது நிமிட வேலை.

ஏப்ரலில் சோபியா ஒரு கூட்டத்துக்கு அழைத்தார். அடம், ஹெலன், கிரேஸ் இருந்தார்கள், கலம் திரையில். அவசரப் பிரிவுகளுக்கான ஒரு பக்கக் கையேட்டின் வரைவை எனக்கும் தந்தார்கள். மருந்து எந்த மாடியில் இருக்கிறது, யாரை அழைப்பது, எத்தனை மணிக்குள் என்று எழுதியிருந்தது. "பழுப்புத் தோலில் சாம்பல் நிறமாகத் தெரியலாம்" என்ற வரிக்குப் பக்கத்தில் என் கை.

நான் குழாயைப் பற்றிக் கேட்டேன். "வெந்நீரும் என் விரலைக் கெடுத்ததா?"

"கெடுத்திருக்கலாம்," என்றார் கலம். "குளிர் எவ்வளவு, வெந்நீர் எவ்வளவு என்று பிரிக்க எங்களிடம் வழி இல்லை." "சுடுநீர்க் காயம்" என்று அடம் முதலில் எழுதியது முழுப் பிழையல்ல என்று அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. சோபியா குறித்துக்கொண்டார். பதில் தெரியாத கேள்விகளுக்கு அவரிடம் தனிப் பக்கம் இருக்கிறது. அதில் என்னுடையதும் ஒன்று என்பது ஏனோ எனக்குப் பிடித்திருந்தது.

நோய் ஒரே வேகத்தில் நகரும் என்று முன்பு நினைத்திருந்தேன். முதல் ஐந்து நாட்கள் எல்லோரும் எனக்காக ஓடினார்கள். பிறகு பதினொரு கிழமை, அதே ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். இரண்டும் வைத்தியம்தான். இரண்டாவது கடினமானது. நீங்கள் அதில் இருந்தால், ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ணாதீர்கள்.

இப்போது மே மாதம். போன சனிக்கிழமை விம்பிள்டனில் ட்ராமுக்கு நின்றோம். எல்லோரும் அரைக்கைச் சட்டையில் இருந்தார்கள். ஒரு மேகம் வெயிலை மறைத்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. என் நடுவிரல் உடனே அறிந்தது. அதிலும், இப்போது இல்லாத அந்த நுனிதான் முதலில் குளிர்ந்தது.

நான் கையை மடக்கியதைக் கணவர் கவனித்துவிட்டார். "என்னப்பா, குளிருதோ?"

"ஓம்," என்றேன். "குளிருது."

ஒண்டுமில்லை என்று மறைக்காமல் அதைச் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.